ரெண்டாவது நெருப்பு: காரைக்காட்டுப் பாசிமணியின் கதை

கடலூரில் இருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஏறினால், முதுநகர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சிப்காட் தொழிற்பேட்டை வரும். புகைபோக்கிகள், டேங்கர் லாரிகள், நீளமான காம்பவுண்டு சுவர்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் ரெண்டு ஊரின் பெயர் காரைக்காடு, குடிகாடு. ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முன்னாடியும் அது ஒரு தொழிற்பேட்டைதான். அங்கே கண்ணாடி மணி செய்தாங்க. நம்ம பேச்சில் சொன்னா பாசிமணி.

அரிக்கமேடு எல்லாருக்கும் தெரியும், பாடப்புத்தகத்தில் வந்துடுச்சு. கடலூரில் இருந்து வடக்கே போனா, புதுச்சேரிக்குக் கொஞ்சம் முன்னாடி, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கு. காரைக்காடு அதோட சின்னத் தம்பி மாதிரி. 1960-களில் அங்கே ஒரு தடவை தோண்டினாங்க, 1980-களின் கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகம் மறுபடி தோண்டிச்சு. அரிக்கமேட்டில் கிடைச்ச அதே வகைச் சாமான்கள் அங்கேயும் கிடைச்சது. உள்பக்கம் வட்ட வட்டமா கொத்து வேலைப்பாடு ஓடும் தட்டுகள், மது கொண்டுவந்த ஜாடித் துண்டுகள், கூடவே மணிகள்.

வழக்கமா இந்த இடத்தில் பேச்சு கப்பல், யவனர், ரோமாபுரித் தங்கக் காசுன்னு போயிடும். இன்னைக்கு அந்தப் பக்கம் ரொம்பப் போகப் போறதில்லை. எனக்கு ஒரு குறுகலான கேள்விதான் இருக்கு. வெட்டின கண்ணாடியோட விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், கையை அறுக்கும். ஆனா அந்த மணிகள் கடுகு மாதிரி வழுவழுப்பா உருண்டிருக்கு. 3 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் இருக்கிற லட்சக்கணக்கான துண்டுகளை யார் உட்கார்ந்து தேய்ச்சது?

யாரும் தேய்க்கலைங்கிறதுதான் பதில். எப்படின்னு சொல்றதுக்கு முன்னாடி, மணி எப்படிப் பிறக்குதுன்னு சொல்லிடறேன்.

கண்ணாடி மணி செய்ய ரெண்டு பெரிய வழி உண்டு. ஒண்ணு, இரும்புக் கம்பியில் உருகின கண்ணாடியைச் சுத்திச் சுத்தி ஒவ்வொரு மணியா செய்யறது. நூல்கண்டு சுத்தற மாதிரி. இன்னொண்ணு இழுக்கிறது. ஒரு பெரிய கண்ணாடி உருண்டையில் இருந்து நடுவில் ஓட்டை உள்ள குழாயா இழுத்து, ஆறினதும் பொடிப்பொடியா வெட்டறது. அரிக்கமேடும் காரைக்காடும் இந்த ரெண்டாவது வழி. கையில் ஒரு பழைய மணி கிடைச்சா லென்ஸ் வச்சுப் பாருங்க. உள்ளே இருக்கிற குமிழிகளும் கோடுகளும் ஓட்டையின் போக்கிலேயே நீளமா ஓடினா அது இழுத்த மணி. ஓட்டையைச் சுத்தி வளையம் வளையமா ஓடினா சுத்தின மணி.

இழுக்கிற முறை 2,000 வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்திருக்கும்னு நமக்கு ஓரளவு தெரிஞ்சதுக்குக் காரணம் ஒரு கிராமம். திருப்பதிப் பக்கம், ஆந்திராவில், பாப்பாநாயுடுபேட்டை. அந்த ஊரில் இந்த வேலை நம்ம காலம் வரைக்கும் நடந்துச்சு. பீட்டர் ஃபிரான்சிஸ் ஜூனியர்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், வாழ்நாள் முழுக்க மணிகளையே படிச்ச மனுஷன், அங்கே போய் உலைப் பக்கத்தில் நின்னு பார்த்து எழுதி வச்சார். இந்தச் சின்ன ஒற்றை நிற மணிகளுக்கு ‘இந்தோ-பசிபிக் மணி’ன்னு பேர் வச்சதும் அவர்தான். அதுக்கு முன்னாடி வான் டெர் ஸ்லீன்ங்கிற டச்சுக்காரர் ‘வணிகக் காற்று மணி’ன்னு கூப்பிட்டார். எனக்கு அந்தப் பேரு இன்னும் பிடிக்கும். ஆனா நிலைச்சது ஃபிரான்சிஸ் வச்ச பேருதான்.

அவர் விவரிக்கிற வேலை இப்படி. ‘லாடா’ன்னு ஒரு நீளமான இரும்புக் குழாய். அதோட நுனியில் உருகின கண்ணாடியை மேல மேல சேர்த்து, உருட்டி உருட்டி, ஒரு பெரிய கூம்பா ஆக்கறாங்க. தூக்கவே ஒருத்தருக்கு மேல ஆள் வேணும். பிறகு குழாய்க்குள்ளே ஒரு நீளக் கம்பியை விட்டு, கூம்போட நடுவில் துளை போடறாங்க. திரும்ப உலைக்குள்ளே வச்சு, இன்னொரு பக்கத்து வாயில் இருந்து ஒரு ஆள் கூம்பின் நுனியைக் கொக்கியில் பிடிச்சு இழுக்கிறார். கண்ணாடி நூலா வருது, ஆனா நடுவில் அந்தத் துளை இருந்துக்கிட்டே இருக்கு. இது விடாம மணிக்கணக்கில் நடக்கும். வேகமா இழுத்தா குழாய் மெலிசு, மெதுவா இழுத்தா தடிமன். மெஷின் கிடையாது, இழுக்கிறவரோட கைதான் அளவுகோல். அரிக்கமேட்டு மணிகளை வரிசையா வச்சுப் பார்த்தா அளவு கொஞ்சம் கொஞ்சம் மாறும். எனக்கு அது குறையா தெரியலை, ஒரு ஆளோட மூச்சு மாதிரி தெரியுது.

குழாய்களைக் கையளவு கட்டா சேர்த்து, நிறுத்தி வச்ச கத்தி மேல வச்சு, இன்னொரு கத்தியால் தட்டினா துண்டு துண்டா விழும். இப்ப நம்ம கையில் இருக்கிறது மணி இல்லை. ரெண்டு பக்கமும் கூரா இருக்கிற குட்டிக் குழாய்.

கல்மணியா இருந்தா இந்த இடத்தில் தேய்ப்பாங்க. நொய்யல் கரையில் கொடுமணலில் செஞ்ச சூதுபவள மணி, பளிங்கு மணி எல்லாம் அப்படித்தான். ஒவ்வொண்ணா உடைச்சு, தேய்ச்சு, துளை போட்டு, மெருகேத்தணும். அரிக்கமேட்டிலும் கல்மணிப் பட்டறை உண்டு. கல் உருகி உருளாது, அதனால் வேற வழி இல்லை. கண்ணாடி உருளும். அங்கேதான் இந்தக் கைவினைஞர்கள் சும்மா உட்கார்ந்து நெருப்பை வேலை வாங்கினாங்க.

வெட்டின துண்டுகளைச் சாம்பலில் புரட்டறாங்க. வெளியே மட்டும் இல்லை, ஓட்டைக்குள்ளேயும் சாம்பல் புகணும். அப்புறம் ஒரு மண் சட்டியில் போட்டு உலையில் வச்சு, கம்பியால் கிளறிக்கிட்டே இருப்பாங்க. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் வண்டிக்காரர் மணலில் வேர்க்கடலை வறுக்கிறதைப் பார்த்திருப்பீங்களே, ஏறக்குறைய அதேதான். மணலுக்குப் பதிலா சாம்பல், கடலைக்குப் பதிலா கண்ணாடி. கொஞ்ச நேரத்தில் கூர் விளிம்புகள் மழுங்கி, குழாய் உருண்டை ஆகிடும். எடுத்து ஆறவச்சு, சலிச்சு, சாம்பலைத் தட்டிட்டா மணி.

இந்த ரெண்டாவது நெருப்பைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்லை. இழுக்கிறது பார்க்கப் பிரமாதமா இருக்கும், அதனால் ஆவணப்படம் எடுக்கிறவங்க அதையே காட்டுவாங்க. ஆனா என் கணக்கில் உண்மையான நுட்பம் இந்தச் சட்டியில்தான் இருக்கு. ஏன்னு சொல்றேன், இதில் கொஞ்சம் இயற்பியல் வரும். பயப்படாதீங்க, சமையலறை அளவுதான்.

கண்ணாடிக்கு உருகுநிலைன்னு ஒரு புள்ளி கிடையாது. பனிக்கட்டி மாதிரி ‘இப்ப திடம், இப்ப தண்ணி’ன்னு மாறாது. வெல்லப்பாகு மாதிரி. கம்பிப்பதம், தக்காளிப்பதம், உருட்டுப்பதம்னு அம்மா சொல்ற மாதிரி, சூடு ஏற ஏறப் பதம் மாறும். பாடப்புத்தகத்தில் இதைப் பாகுநிலைன்னு சொல்வாங்க. பேரிலேயே பாகு இருக்கு பாருங்க. அந்தப் பாகு இளகும்போது ரெண்டு விசை அதைப் பிடிச்சு இழுக்குது. ஒண்ணு புவியீர்ப்பு, அது கண்ணாடியைத் தட்டையா பரப்பப் பார்க்கும். இன்னொண்ணு பரப்பு இழுவிசை, அது உருண்டையாக்கப் பார்க்கும்.

யார் ஜெயிப்பாங்கங்கிறது அளவைப் பொறுத்தது. சேம்பு இலையில் தண்ணி தெளிச்சுப் பாருங்க. சின்னத் துளி முத்து மாதிரி உருண்டையா நிக்கும். அதையே பெருசாக்கினா மேல தட்டையா, அப்பம் மாதிரி உட்கார்ந்துடும். இந்த எல்லைக்கோடு எங்கே விழும்னு கணக்குப் போடலாம். உருகின கண்ணாடியோட பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறக்குறைய 0.3 நியூட்டன், அடர்த்தி கனமீட்டருக்கு 2,500 கிலோ. இழுவிசையை அடர்த்தியாலும் ஈர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்து வர்க்கமூலம் எடுத்தா, சுமார் 3.5 மில்லிமீட்டர் வருது. தட்டையா பரவற கண்ணாடி எவ்வளவு தடிமனில் போய் நிக்கும்னு பார்த்தா, அது அதிகபட்சம் இதுல ரெண்டு மடங்கு, 7 மில்லிமீட்டர். நடைமுறையில் 6 மில்லிமீட்டர் பக்கத்தில் நின்னுடும்.

இப்ப பாருங்க. இந்தோ-பசிபிக் மணிகளில் பெரும்பாலானவை 6 மில்லிமீட்டருக்கும் கீழே. அந்த அளவில் உருண்டைக்காரன் பக்கம்தான் ஜெயம். அளவைச் சின்னதா வச்சதுக்கு வேற காரணங்களும் இருந்திருக்கும், கண்ணாடி மிச்சம், கோக்கிறது சுலபம், கப்பலில் ஏத்தறது சுலபம். ஆனா இதே வேலையை 15 மில்லிமீட்டர் துண்டில் செஞ்சிருந்தா அது சட்டியில் சப்பையா படுத்திருக்கும். யாரும் சமன்பாடு எழுதலை. ஆனா எல்லைக்கோடு எங்கே இருக்குன்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு.

இந்த 6 மில்லிமீட்டர் கணக்கை நான் முதலில் சந்திச்சது தொல்லியலில் இல்லை. பெங்களூரில் என்னோட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் சின்ன மின்சூளை வாங்கி, கலர் கண்ணாடித் துண்டுகளை ஒட்ட வச்சுத் தட்டு, கோஸ்டர் எல்லாம் செய்வார். ஒரு அடி அகலம்கூட இல்லாத சூளை. அவருக்கு வேண்டியது மேஜை மேல வச்சா ஆடாத, மேல்பரப்பு கண்ணாடி மாதிரியே வழுவழுப்பான தட்டை. வந்ததோ வேற. 3 மில்லிமீட்டர் கண்ணாடியை ஒத்தை அடுக்கா வச்சா, நாலு பக்கமும் உள்ளே இழுத்துக்கிட்டு, மூலை மட்டும் நீட்டி, நாய் கடிச்ச எலும்பு மாதிரி. ஓரம் தடிச்சு, நடு மெலிஞ்சு, மெலிஞ்ச இடத்தில் அடியில் மாட்டின காற்று கொப்புளமா எழும்பி நிக்கும்.

காரணம் அதேதான். 3 மில்லிமீட்டர் கண்ணாடி இளகினதும் 6 ஆகப் பார்க்குது. 6 ஆகணும்னா பரப்பைச் சுருக்கணும். ரெண்டு அடுக்கு, மூணும் மூணும் ஆறு, வச்சீங்கன்னா அது இருக்கிற இடத்திலேயே சமத்தா இருக்கும். மூணு அடுக்கு வச்சா வெளியே வழியும். சூளையோட விலை, பிராண்டு எல்லாம் அப்புறம். ஒத்தை அடுக்கில் தட்டையா வரலைன்னு கவலைப்படறவங்க முதலில் இந்த எண்ணைத்தான் மனப்பாடம் பண்ணணும்.

மிச்சம் எல்லாம் பொறுமை. இதுக்குன்னே விக்கிற கலைக்கண்ணாடியா இருந்தா, 620-லிருந்து 680 டிகிரிக்குள் அரை மணி நேரம் நிறுத்தினா, மேல் அடுக்கு மெதுவா படிஞ்சு காற்று ஓரமா வெளியே போயிடும். பிறகு 800 டிகிரி பக்கம் பத்து நிமிஷம், அங்கேதான் மேல்பரப்பு பளபளன்னு ஆகும். 700-க்கும் 760-க்கும் நடுவில் மட்டும் சுணங்கக் கூடாது, அந்த இடத்தில் ரொம்ப நேரம் இருந்தா மேல்பரப்பில் பொடிப்படிகம் கட்டி மங்கிப்போகும். இறங்கும்போது 480-லிருந்து 520-க்குள், கண்ணாடி வகைக்கு ஏத்த மாதிரி, நல்லா நேரம் கொடுத்து ஆறவிடணும். சின்னச் சூளையில் கம்பிச்சுருள் பக்கவாட்டில் இருந்தா ஓரம் சீக்கிரம் சூடாகும், நடு பின்தங்கும். அதனால் ஏத்தறதும் இறக்கறதும் நிதானம். சாமானைச் சுவரில் இருந்து தள்ளி வைக்கணும். தட்டு சூளைப் பலகையில் ஒட்டாம இருக்க வெள்ளைக் களிமண்ணும் அலுமினாவும் கரைச்ச பூச்சு ஒண்ணு அடிப்பாங்க.

அந்தப் பூச்சு நிக்கிற இடத்தில்தான் காரைக்காட்டில் சாம்பல் நிக்குது. ஆனா சாம்பல் இன்னும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஒரே பொருள், மூணு வேலை. மணியும் மணியும் ஒட்டாம பிரிச்சு வைக்குது. ஓட்டைக்குள்ளே அடைஞ்சு நிக்கிறதால், பரப்பு இழுவிசை ஓட்டையை மூடிடாம தாங்குது. இது சின்ன விஷயம் இல்லை. வெளியே உருட்டற அதே விசை உள்ளே ஓட்டையையும் சுருக்கப் பார்க்கும், ஓட்டை அடைஞ்ச பாசியைக் கோக்க முடியாது. மூணாவது, சாம்பல் சூட்டைச் சட்டென்று விடாது. வெளியே எடுத்ததும் மணி போர்வைக்குள்ளே இருக்கிற மாதிரி நிதானமா ஆறும். இந்த மூணாவது என்னோட ஊகம்னு வச்சுக்கங்க, மணி சின்னதுங்கிறதால் அது பெரிய சிக்கலா இருந்திருக்காது.

கிளறல் எப்ப நிறுத்தறது? அதுக்குத் தெர்மாமீட்டர் இல்லை. சீக்கிரம் எடுத்தா விளிம்பு குத்தும், கோத்த நூலே அறுந்துடும். தாமதமா எடுத்தா சட்டி முழுக்க ஒரே கட்டி. நிறம் மாறினா பதமும் மாறும், ஏன்னா நிறத்துக்காகச் சேர்க்கிற செம்பு, ஈயம் எல்லாம் கண்ணாடி இளகற சூட்டையும் மாத்தும். ஈயம் சேர்ந்த மஞ்சள் சீக்கிரமே இளகும். செம்பால் வர்ற அந்த அடர்ந்த செங்கல் சிவப்புக்கு இன்னொரு தொல்லை, கண்ணாடி தயாரிக்கும்போது காற்று அதிகமா பட்டா சிவப்பே போய்ப் பச்சை பக்கம் சாஞ்சுடும். லோர் துசுபியூங்கிற ஆராய்ச்சியாளர் லேசரால் கண்ணுக்குத் தெரியாத அளவு சுரண்டி ஆயிரக்கணக்கான மணிகளோட வேதியியலைப் பார்த்திருக்கார். தென்னாசியாவில் சோடாவும் அலுமினாவும் அதிகம் உள்ள ஒரு கண்ணாடி ரொம்பப் பரவலா இருந்துச்சுன்னு அதில் தெரியுது. அலுமினா ஏறினா பாகு கெட்டியாகும், மெதுவா இளகும். இழுக்கிறவருக்கு அது சிரமம்தான். ஆனா சட்டியைக் கிளறறவருக்கு, என் பார்வையில், கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

சரி, இதெல்லாம் அங்கேயே செஞ்சாங்கன்னு எப்படித் தெரியும்? வியாபாரத்துக்கு வந்த மணியா இருக்கக் கூடாதா?

சாஃப்ட்வேர்க்காரனா எனக்கு இது ரொம்பப் பழகின கேள்வி. ரிலீஸ் ஆன பில்டு உலகம் பூரா போயிடும். அது எங்கே தயாராச்சுன்னு பில்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனா ஃபெயில் ஆன பில்டோட லாக் ஃபைல் தயாரிச்ச சர்வரிலேயே கிடக்கும். நல்ல மணி கப்பல் ஏறிடும். ஒட்டிக்கிட்டுக் கட்டியான மணிகள், பாதி இழுத்து முறுக்கிக்கிட்ட குழாய், ஓட்டை அடைஞ்சது, வெட்டியும் உருட்டாம விட்ட துண்டு, இதையெல்லாம் யாரும் காசு கொடுத்து வாங்கிக் கப்பலில் ஏத்த மாட்டாங்க. அது உலைப் பக்கத்துக் குப்பையில்தான் விழும். அதனால் இந்தக் கழிவுதான் சாட்சி. ரெண்டாவது நெருப்பில் தோத்த மணிதான் ‘நான் இங்கே பிறந்தேன்’னு சொல்லும்.

இந்தச் சாட்சிக்கு ஒரு காலத்தில் யாரும் பெருசா காது கொடுக்கலை. 1944-ல் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டில் இருந்து வந்த ரோமானிய ஜாடித் துண்டைப் பார்க்கிறார். 1945-ல் போய்த் தோண்டறார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு தேதி. இத்தாலியில் செய்த பாத்திரத்துக்கு நாள் தெரியும், அது கிடைக்கிற மண்ணடுக்குக்கும் நாள் குறிக்கலாம், அப்படியே தென்னிந்தியா முழுக்கக் காலவரிசை போடலாம். அந்த யோசனை அருமையானது, மறுக்க முடியாது. ஆனா அதோட விளைவு, அரிக்கமேடு ரோமானியர்களின் வணிக நிலையம்னு மனசில் பதிஞ்சுபோச்சு. வெளியில் இருந்து வந்தவங்க ஒரு மீன்பிடிக் கிராமத்தைத் துறைமுகம் ஆக்கின கதை. பிறகு 1947-லிருந்து 1950 வரை கசால், 1989-லிருந்து 1992 வரை விமலா பெக்லியும் சென்னைப் பல்கலைக்கழகத்து கே. வி. ராமனும் தோண்டினதில் படம் மாறுச்சு. ரோமாபுரிச் சரக்கு வர்றதுக்கு முன்னாடியே அங்கே ஊர் இருந்தது, அது நின்ன பிறகும் ஊர் இருந்தது.

மணியை வச்சுப் பார்த்தா இது இன்னும் தெளிவா தெரியுது. ஜாடி மேற்கில் இருந்து வந்தது. மணி போனதோ பெரும்பாலும் கிழக்கே. தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா, கொரியா வரைக்கும் இந்த வகை மணி கிடைக்குது. கொரியாவில் 6-ம் நூற்றாண்டின் முரியொங் அரசர் கல்லறையில் ஆயிரக்கணக்கில் இருந்துச்சு. எல்லாம் இங்கே செஞ்சதுன்னு சொல்ல வரலை. தொழில் தெரிஞ்சவங்க இடம் பெயர்ந்தாங்க, இலங்கையில் மன்னார்ப் பக்கத்து மாந்தை, தாய்லாந்தில் க்ளோங் தோம், வியட்நாமில் ஓக் இயோன்னு பட்டறைகள் முளைச்சதுங்கிறது ஃபிரான்சிஸோட வாதம். அதுக்குப் பிறகு வந்த வேதியியல் ஆய்வுகள் படத்தை இன்னும் சிக்கலாக்கிடுச்சு, பல ஊர்கள், பல வகைக் கண்ணாடிகள், பல காலங்கள். ஒரே மையம்னு இப்ப யாரும் அடிச்சுச் சொல்றதில்லை. எனக்கும் அந்த ‘எல்லாம் நம்ம ஊர்ல இருந்துதான்’ கதையில் ஆர்வம் இல்லை. சட்டியைக் கிளறத் தெரிஞ்ச ஒரு ஆள் கடல் தாண்டிப் போய் இன்னொரு ஆளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கார்ங்கிற ஒரு வரி போதும். அது ஓலையில் எழுதி அனுப்பற விஷயம் இல்லை.

தாய்லாந்தில் அந்த க்ளோங் தோம் மேட்டுக்கு உள்ளூர்க்காரங்க வச்ச பேரு குவான் லுக்பத். அர்த்தம் மணிமேடு. மழை பெஞ்சா மண்ணில் இருந்து மணி எட்டிப் பார்க்கும், அதனால் அந்தப் பேரு. இப்ப சிதம்பரம் பக்கம் வாங்க. பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஊர், பேரு மணிக்கொல்லை. அங்கேயும் கண்ணாடி மணியும் மணிக்கழிவும் மண்ணில் கிடைக்குது. காரைக்காட்டுக்கு ரொம்பப் பின்னாடி, இடைக்காலத்தில் நடந்த வேலை. அதாவது இந்தக் கரையில் ஒரு உலை அணைஞ்சா, பல நூற்றாண்டு கழிச்சு, ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இன்னொரு உலை எரிஞ்சிருக்கு. நடுவில் இந்த அறிவு யார் கையில் இருந்துச்சு, எந்த ஊரில் தங்கிச்சு? என்னை ரொம்ப நாளா குடையற கேள்வி இது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய சாமான்தான் தினமும் குறைஞ்சுக்கிட்டு இருக்கு. அரிக்கமேட்டில் மழைக்குப் பிறகு மணி பொறுக்கறது ரொம்பக் காலமா நடக்கிற விஷயம். பொறுக்கி, கோத்து, சுற்றுலா வர்றவங்களுக்கு விப்பாங்க. நான் அவங்களைக் குறை சொல்லலை. வீட்டு வாசலில் கிடக்கிறதை எடுக்கிறாங்க, பத்து ரூபாய் வருது. ஆனா பொறுக்கும்போது அழகான மணியை எடுத்துட்டு, ஒட்டிப்போன கட்டியைத் தூக்கி எறிஞ்சுடறாங்க. சிலபேர் அதையும் எடுத்துப்போய் எங்கேயோ போட்டுடுவாங்க. அழகான மணி போனா ஒரு மணி போச்சு. கழிவு இடம் மாறினா பட்டறை எங்கே இருந்துச்சுங்கிற தடயமே போச்சு. காரைக்காட்டுப் பக்கம் பொறுக்கறதைவிடப் பெரிய விஷயம் கட்டடம். அஸ்திவாரத்துக்கு ஜேசிபி ஒரு தடவை கை வச்சா, உலைத்தரை, சாம்பல், கழிவு எல்லாம் ஒரே லாரியில் போயிடும். சாம்பல் பார்க்கச் சாம்பல்தானே, அதில் கண்ணாடித் துணுக்கு இருக்கான்னு சலிச்சுப் பார்க்க அங்கே யாரும் நிக்கப் போறதில்லை.

பொருந்தலில் இது நடக்கலை. பழனிப் பக்கத்து ஊர் அது. 2009-ல் பேராசிரியர் கா. ராஜன் தோண்டினப்ப கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கில் முறையா பதிவாச்சு, எந்தக் குழி, எந்த ஆழம்னு. அப்படிப் பதிவானதால்தான் கடற்கரையில் மட்டுமில்லை, உள்நாட்டிலும் இந்த மணிகள் எவ்வளவு பழசுன்னு இப்ப விவாதிக்கவே முடியுது.

புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போறவங்க அரிக்கமேட்டு மணிகளைப் பார்க்கலாம். மாலையா கோத்ததைப் பார்த்துட்டு நகர்ந்துடாதீங்க. ஒவ்வொரு மணியோட ரெண்டு முனையையும் பாருங்க. சிலதில் வெட்டின முகம் இன்னும் தட்டையா, விளிம்பு மட்டும் லேசா மழுங்கி இருக்கும். சிலது முழு உருண்டை. ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் சட்டியில் இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான்.

அடுத்த எபிசோடிலும் இதே பக்கம்தான் இருப்போம், உலை மட்டும் வேற. 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் ஆரம்பிச்ச இரும்பு ஆலை. சேலத்துத் தாதுவை அவ்வளவு தூரம் கொண்டுவந்து கடற்கரையில் ஏன் உருக்கினாங்க, கரிக்கு எங்கே போனாங்கன்னு பார்ப்போம். மணிக்கொல்லைப் பக்கத்து ஊர்க்காரங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, உங்க வயலில் பாட்டி காலத்தில் மணி பொறுக்கின கதை இருந்தா, பதிவு பண்ணி அனுப்புங்க. மணியை அனுப்பாதீங்க, அது கிடந்த இடத்திலேயே இருக்கட்டும்.